புகையாத கரி

அரிமளம்
சுபானு வருஷம், ஆவணி 22

அண்ணன் அடைக்கலத்துக்குத் தங்கச்சி செவந்தி எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்க இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் வாய் இருக்கிறது. அதனால் நானே கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைப்பேற்றுக்கு என்று ஆவணி பிறந்ததுமே என்னைக் கூட்டிவந்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து இவர் கடிதம் போட்டிருந்தார். தை மாதம்தான் கடையில் லீவு கொடுப்பார்களாம். அதுவரை நான் இங்கேதான். நீ இல்லாத வீட்டுக்குள் நான் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. சாப்பாட்டு நேரத்தில் ஆத்தா இன்னமும் உன் தட்டையும் சேர்த்து எடுத்துவிட்டு, அய்யா பார்ப்பதற்குள் திரும்ப வைத்துவிடுகிறாள்.

போன வருஷம் நடவு நேரத்தில் ஏரை வயலிலேயே விட்டுவிட்டு, பஸ் ஓட்டப் போகிறேன் என்று நீ கிளம்பிப் போனதை அய்யா இன்னும் மறக்கவில்லை. உன் பேரை யாரும் எடுக்கக்கூடாது. நான் ஒருநாள் சாடையாக, "அண்ணன் ஓட்டுற பஸ்ஸு கட்டுமாவடிக்கும் அறந்தாங்கிக்கும் போகுதாம்ல" என்றேன். அவர் கைகழுவிக்கொண்டே, "அடுப்பை முதுகுல கட்டிக்கிட்டு ஓடுற வண்டி. அவனைப் பத்தி எனக்கு ஒரு சேதியும் வேணாம். தந்தி வந்தா மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நம் வீட்டுக்குத் தந்தி வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. பினாங்கில் சித்தப்பா போனதற்கு வந்ததே, அதுதான். டவுனிலிருந்து சைக்கிளில் வந்த தந்திக்காரன் வாசலில் நின்றதுமே ஆத்தா தலையில் அடித்துக்கொண்டு விழுந்தாள். தெருவே கூடி அழுதது. இங்கிலீஷ் தெரிந்த போஸ்ட்மாஸ்டரிடம் அதைக் கொண்டுபோய்ப் படித்தது மறுநாள்தான். அப்போது சித்தப்பா மகள் கண்ணாத்தாள் அக்கா பிள்ளை பெற்று அறைக்குள் கிடந்தாள். சாவுச் சேதி காதில் விழுந்தால் பால் வற்றிப்போகும் என்று அவள் அறைக் கதவையும் சன்னலையும் இறுக்கிச் சாத்தி, அழுகிறவர்களை எல்லாம் கொல்லைப்பக்கம் போய் அழச் சொன்னார்கள். அக்கா தலைக்குத் தண்ணீர் ஊற்றி வெளியே வந்த பிறகுதான் அப்பன் செத்தது அவளுக்குத் தெரியும். தந்தி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்தச் சாத்திய கதவுதான் ஞாபகம் வருகிறது.

அய்யா சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ ஒரு நடை வந்து அவர் முன்னால் நின்றால் போதும்.

உன் தங்கச்சி,
செவந்தி


கட்டுமாவடி
சுபானு வருஷம், புரட்டாசி 9

செவந்திக்கு அண்ணன் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த கையால் பேனா பிடிப்பது கஷ்டமாக இருக்கிறது, எழுத்து கோணினால் சிரிக்காதே.

அய்யாவிடம் போய்ச் சொல், அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடும் வண்டிதான் இன்றைக்கு ஊர் ஊராக ஜனங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று. சண்டை வந்ததிலிருந்து பெட்ரோலுக்குக் கூப்பன். முதலாளிக்குக் கிடைக்கிற கூப்பன் பெட்ரோல் பல் விளக்கக் காணாது. காலையில் இஞ்சினை எழுப்ப மட்டும் ஒரு சொட்டு விடுவோம், அப்புறம் எல்லாம் கரிதான்.

அது எப்படி என்று நீயும் கேட்பாய். பஸ்ஸுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம் இருக்கிறது. அதில் கரியைக் கொட்டி அடியில் தணலைப் போட்டு, எங்கள் கிளீனர் பிச்சை விசிறியைச் சுற்றுவான். வேண்டிய காற்று முழுவதும் கிடைக்காமல் பாதி மறித்து வைத்தால், கரி சாம்பலாகாமல் காஸாக மாறுகிறது. அந்தக் காஸ் குழாய் வழியாக இஞ்சினுக்குப் போய் வண்டியை ஓட்டுகிறது. மேட்டில் ஏறாது, எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். அப்படித் தள்ளும்போது மட்டும் டிக்கெட் வாங்கினவன், வாங்காதவன் என்ற வித்தியாசம் கிடையாது.

டிரம்மை மாட்டிவிட்டுப் போன திருச்சி மெக்கானிக் ஒரு சங்கதி சொன்னார். "அடைக்கலம், இந்தக் காஸுக்கு வாசம் கெடையாது, நெறம் கெடையாது. புகைன்னா கண்ணு எரியும், இருமல் வரும், ஆளு எந்திரிச்சு ஓடிருவான். இது அப்படி இல்ல. ஆளு சாயுற வரைக்கும் தெரியாது. ஷெட்டுக் கதவைத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் டிரம்மைப் பத்த வைக்கணும்" என்றார். நான் சரி சரி என்று தலையாட்டினேன்.

போன வாரம் அதைக் கண்ணால் பார்த்தேன். கோட்டைப்பட்டினத்து வியாபாரி ஒருவர் கோழிக்கூடையைக் கடைசி சீட்டுக்கு அடியில், டிரம்மை ஒட்டி வைத்திருந்தார். மூடியில் எங்கேயோ கசிவு. அறந்தாங்கியில் இறக்கிப் பார்த்தால் ஒரு கோழிகூட உயிரோடு இல்லை. காயம் இல்லை, சீக்கும் இல்லை. கொண்டை மட்டும் செக்கச்செவேல் என்று, உயிரோடு இருந்தபோது இருந்ததைவிடச் சிவப்பாக இருந்தது. முதலாளி கண்ணேறு என்று சொல்லி வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் கட்டினார். நான் களிமண்ணைக் குழைத்து மூடியைப் பூசினேன்.

எனக்கும் சில நாள் சாயங்காலம் நெற்றிப்பொட்டில் விண்விண் என்று தெறிக்கிறது. கடற்கரையில் போய் உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது. ஆத்தாவிடம் இதைச் சொல்லாதே.

அய்யா கூப்பிடாமல் நான் வீட்டுப்படி ஏறமாட்டேன். கூப்பிட்டால் அடுத்த வண்டியிலேயே வருகிறேன். அதுவும் சும்மா வரமாட்டேன், முதலில் ஒரு தந்தி கொடுத்துவிட்டுத்தான் வருவேன். தந்தி தந்தி என்று சொன்ன மனுஷர் கொஞ்சம் பதறட்டும். தெருவே கூடி எனக்காக அழுதுகொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்று, "யாரு செத்துட்டா?" என்று கேட்க வேண்டும்.

உன் அண்ணன்,
அடைக்கலம்


அரிமளம்
சுபானு வருஷம், ஐப்பசி 11

அண்ணனுக்கு,

உனக்கு விளையாட்டுக்கு அளவே இல்லை. அந்தத் தந்தி வேலையை மட்டும் செய்துவிடாதே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன், அப்புறம் அந்தக் கோழிகளை நினைத்ததும் சிரிப்பு வரவில்லை. செத்ததற்குப் பிறகு கொண்டை எப்படிச் சிவக்கும்? நீ அந்த டிரம்மை விட்டுத் தள்ளியே உட்கார். பிச்சையையும் தள்ளி உட்காரச் சொல்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் பாதிக்குமேல் நிறைந்துவிட்டது. மருத்துவச்சி இருளாயி வந்து பார்த்துவிட்டு, கார்த்திகை பிறந்ததும் ஆகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மேல்புறத்து அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். நெல்லுக்குதிர் இருந்ததே, அந்த அறை.

அந்த அறையைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே. முதல் பிள்ளையை அங்கேதான் பெற்றேன். அதுவும் இதே மாதிரி மழைக்காலம்தான். கட்டிலுக்கு அடியில் சட்டியில் வறட்டி போட்டு மூட்டினார்கள். ஈர வறட்டி. அறை முழுக்கப் புகை மண்டிப் பிள்ளை இருமி இருமி நீலம் பாரித்துவிடும். உடனே கதவைத் திறப்பார்கள். திறந்தால் ஊதக்காற்று அடிக்கும். சாத்தினால் புகை, திறந்தால் குளிர், இப்படியே இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில் அதை மண்ணுக்குக் கொடுத்தேன். குளிர்தான் கொண்டுபோய்விட்டது என்று இருளாயி சொன்னாள். ஆத்தா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவை ஒரு பொட்டுக் காத்து உள்ள வரக்கூடாது. எனக்கு இந்தப் புள்ளை வேணும்" என்று இப்போதே கதவிடுக்குக்குத் துணி சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கும் இந்தப் பிள்ளை வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். இவர் கடல் தாண்டி இருக்கிறார், நீ பக்கத்தில் இருந்தும் வரமாட்டாய். இரண்டாவதும் போய்விட்டால் நான் எப்படி எழுந்து நடமாடுவேன் என்று தெரியவில்லை. புகையை நினைத்தால்தான் திகிலாக இருக்கிறது. ஊர் முழுக்க விறகு நனைந்து கிடக்கிறது. வறட்டியும் நனைந்துவிட்டது.

நீயும் அய்யாவும் உங்கள் ரோஷத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக் காத்துக்கொண்டிருங்கள். நடுவில் நான் பிள்ளையைப் பெற்றுக்கொள்கிறேன்.

செவந்தி


கட்டுமாவடி
சுபானு வருஷம், ஐப்பசி 19

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. முதல் பிள்ளைக்கு இத்தனை நடந்தது எனக்குத் தெரியாது. வீட்டிலேயே இருந்த எனக்கு, பிறந்தது, போய்விட்டது என்று மட்டும்தான் சொன்னார்கள். ஆம்பளைகளுக்கு அவ்வளவுதான் சொல்வார்கள் போல.

இதைக் கொண்டுவருவது எங்கள் கிளீனர் பிச்சை. அவன் தலையில் இருக்கும் சாக்கை இறக்கச் சொல். உள்ளே இருப்பது பஸ்ஸுக்குப் போடுகிற சவுக்குக் கரி. சும்மா அள்ளிப் போட்டு அனுப்பவில்லை. சரியாக வேகாத கரி டிரம்மில் புகைந்து தார் கட்டிவிடும் என்பதால், எங்கள் தொழிலில் கரியைத் தட்டிப் பார்த்துத்தான் எடுப்போம். வெந்த கரி கணீர் என்று சத்தம் கொடுக்கும். அப்படி ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்து, கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைத்து, தூசி போகச் சலித்துக் கட்டியிருக்கிறேன். கடைசி நடை ஓட்டி முடித்த பிறகு தினமும் இதுதான் எனக்கு வேலை. ஷெட்டுக் காவல்காரர் ராக்கன், "என்னப்பா, தங்கச்சிக்கு நகை செய்யிறியா?" என்று கேலி செய்தார். அவருக்கும் ஒரு கூடை கொடுத்தேன், மழைக்குக் குளிர் காயட்டும்.

இதைச் சட்டியில் போட்டுப் பற்றவைத்தால் ஒரு பொட்டுப் புகை வராது. கண் எரியாது, பிள்ளை இருமாது. ஆத்தா ஆசைப்படுகிற மாதிரி கதவைச் சாத்தியே வைத்துக்கொள்ளலாம். முதல் பிள்ளைக்குச் செய்த மாதிரி திறந்து திறந்து மூட வேண்டிய அவசியமே இல்லை. கோழிச் சங்கதியை நினைத்துப் பயப்படாதே. அந்த விஷம் டிரம்முக்குள் பிறக்கிற காஸ். கரி வெறும் கரிதான், சட்டி வெறும் சட்டிதான்.

அய்யா இதை வெளியே தூக்கிப் போட்டால் போடட்டும். பிச்சையிடம் சொல்லியிருக்கிறேன், கொல்லைப்பக்கமாக வந்து ஆத்தாவிடம் கொடுத்துவிடுவான். தாய்மாமன் என்று வெள்ளி அரைஞாணோடு வந்து நிற்க வேண்டியவன் கரிமூட்டை அனுப்புகிறேன். நிலைமை அப்படி இருக்கிறது. நீ நன்றாகப் பெற்றுப் பிழைத்து வா, மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சங்கதி. நேற்றுக் கடைசி சீட்டில் இருந்த ஒரு பெண்பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள். மழைக்குத் துணிப்படுதாவை எல்லாம் இறக்கி விட்டிருந்தோம். கீழே இறக்கிக் காற்றுப் படப் போட்டதும் எழுந்துகொண்டாள். படுதாவை எப்போதும் பாதிக்குச் சுருட்டியே வைக்க வேண்டும் என்று முதலாளியிடம் சண்டை போட்டேன். மழையில் எவன் ஏறுவான் என்கிறார்.

அடைக்கலம்


அரிமளம்
சுபானு வருஷம், கார்த்திகை 8

அண்ணனுக்கு,

நீ மாமன் ஆகிவிட்டாய். பெண் பிள்ளை. மூக்கு உன் மூக்கு, பாவம். ஆனால் நிறம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நம் குடும்பத்திலேயே இல்லாத நிறம். கன்னமும் உதடும் செக்கச்செவேல் என்று இருக்கிறது. பிறந்த அன்று மாநிறமாகத்தான் இருந்தது, நாளாக நாளாகச் சிவந்துகொண்டு வருகிறது. பார்க்கிறவர்கள் கண் பட்டுவிடும் என்று ஆத்தா கன்னத்தில் பெரிதாக மை வைத்திருக்கிறாள்.

முக்கியமான சங்கதியைச் சொல்கிறேன். பிச்சை கொல்லைப்பக்கம் வந்தான் பார், அங்கே அய்யாவே மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றார். "எவன் குடுத்தான்?" என்று கேட்டார். பிச்சை பயத்தில், "ஓங்க மகன் தன் கையால சலிச்சதுங்க" என்று உளறிவிட்டான். நான் உள்ளேயிருந்து சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அய்யா சாக்கைப் பிரித்து ஒரு துண்டை எடுத்துக் கல்தூணில் தட்டினார். காதுக்குப் பக்கத்தில் வைத்து இன்னொரு தடவை தட்டினார். "வெந்த கரிதான். உள்ள வை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நீ போன பிறகு உன் கையிலிருந்து வந்த ஒரு சாமான் இந்த வீட்டுக்குள் நுழைந்தது அன்றைக்குத்தான்.

இன்னும் கேள். தீட்டு என்பதால் அவர் இந்த அறைக்குள் வரமாட்டார். ஆனால் தினமும் விடிந்ததும் அவரே சட்டியை நிரப்பி, விசிறித் தணலாக்கி, வாசற்படியில் கொண்டுவந்து வைக்கிறார். ஆத்தா அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறாள். வீட்டு வேலைக்கு வருகிற மூக்காயி செய்ய வந்தால் விடமாட்டேன் என்கிறார். நேற்று வெளியே அவளிடம், "அவன் வேலையில சுத்தம் இருக்கு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. உன்னைத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ எழுதியது போலவே புகையே இல்லை. கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கிறது. அறை கதகதவென்று இருக்கிறது. பிள்ளை ஒரு தடவை இருமவில்லை. உண்மையைச் சொன்னால் அது அழுவதுகூட இல்லை. பாலுக்கே எழுப்ப வேண்டியிருக்கிறது, இரண்டு வாய் குடித்துவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறது. இப்படி ஒரு சமர்த்துப் பிள்ளையைப் பார்த்ததில்லை என்று இருளாயி மெச்சுகிறாள்.

எனக்குத்தான் உடம்பு சரியாகத் தேறவில்லை. காலையில் எழுந்தால் தலை கல்லாகக் கனக்கிறது. நெற்றிப்பொட்டில் விண்விண் என்று தெறிக்கிறது. நேற்றுக் குமட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் போன உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று மருந்து இடித்துக் கொடுக்கிறார்கள். உச்சிப்பொழுதில் அறையைக் கூட்டுவதற்காகக் கதவைத் திறந்து வைப்பார்கள், அப்போது கொஞ்சம் தெளிந்துவிடுகிறது. மறுபடி சாத்தினால் மறுபடி வந்துவிடுகிறது. சாத்தாமல் வைக்கச் சொன்னால் ஆத்தா முதல் பிள்ளையைச் சொல்லிக் கண் கலங்குகிறாள். அவளை எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

நீ இப்போது வந்தால் அய்யா ஒன்றும் சொல்லமாட்டார். அவர் கூப்பிடவில்லைதான். ஆனால் இதற்குமேல் அவருக்குக் கூப்பிடத் தெரியாது. சீக்கிரம் வா.

செவந்தி


அறந்தாங்கி தபாலாபீஸ்
சுபானு வருஷம், கார்த்திகை 12

செவந்தி,

இதை யார் முதலில் படித்தாலும், படித்து முடிக்கும் முன்பே ஓடிப்போய் அறைக் கதவைத் திறந்துவிடுங்கள். சன்னலையும் திறங்கள். கரிச்சட்டியைத் தூக்கி வெளியே கொட்டுங்கள். செவந்தியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்து காற்றில் போடுங்கள். மழை பெய்தாலும் பரவாயில்லை.

இன்று காலையில் ராக்கனைக் காணோம் என்று அவர் குடிசையைத் தட்டினோம். அடைமழைக்குப் படலைச் சாத்தி, இடுக்கெல்லாம் பழைய வலையும் சாக்கும் வைத்து அடைத்திருந்தார். படலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனோம். சட்டியில் நான் கொடுத்த கரி சாம்பலாகிக் கிடந்தது. அவர் சுவரோரம் போர்த்திப் படுத்திருந்தார். தூங்குகிற மனுஷர் மாதிரி முகம். தொட்டேன், விறைத்திருந்தது. முகம் செக்கச்செவேல் என்று இருந்தது.

அப்போதுதான் தபால்காரன் உன் கடிதத்தைக் கையில் கொடுத்தான். ராக்கன் கால்மாட்டில் நின்றுகொண்டுதான் அதைப் படித்தேன். கன்னமும் உதடும் சிவந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எழுந்தால் தலை கனக்கிறது, திறந்தால் தெளிகிறது, சாத்தினால் வருகிறது என்று எழுதியிருக்கிறாய்.

விஷம் டிரம்மில் பிறக்கிறது என்று நினைத்தேனே, நான் மடையன். காற்று போதாமல் எரிந்தால் கரி எங்கேயும் அதே காஸைத்தான் விடும். டிரம்மில் காற்றை நாங்கள் மறிக்கிறோம். உன் அறையில் கதவைச் சாத்தி ஆத்தா மறிக்கிறாள். சாத்தச் சொன்னவனும் நான்தான். புகை வந்திருந்தால் நீங்களே கதவைத் திறந்திருப்பீர்கள். புகையே வராத கரியாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பினேன் தாயி.

பஸ்ஸை அறந்தாங்கி வரைக்கும் ஓட்டிவந்துவிட்டேன். இதற்கு மேற்கே கண்மாய் உடைத்துக்கொண்டு ரோடு அறுந்து கிடக்கிறது. வண்டி, மாடு எதுவும் போகாது. அதனால் முதல் வேலையாக அய்யா பேருக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். கதவைத் திற, கரியை வெளியே கொட்டு, அடைக்கலம் என்று நான் சொல்ல, இங்கே இருக்கிற தந்தி குமாஸ்தா அதை இங்கிலீஷில் எழுதி என் கண்முன்னாலேயே அடித்தார். கம்பி அறவில்லையாம். இன்று பொழுது சாய்வதற்குள் கட்டாயம் உங்கள் கையில் இருக்கும் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தந்தி வந்தால் நம் வீட்டில் யாரும் அலட்சியமாக இருக்கமாட்டார்கள், எல்லாரும் ஓடிவருவார்கள்.

நான் கரைமேலேயே சுற்றி நடந்து வருகிறேன். வழியில் எனக்கு ஏதாவது ஆனாலும் சங்கதி முழுவதும் தெரியட்டும் என்றுதான் இந்தக் கடிதம். தந்தி முந்திக்கொண்டு வந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் கிளம்புகிறேன்.

அடைக்கலம்


அரிமளம்
கார்த்திகை 12

அண்ணனுக்கு,

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் அந்தத் தந்தி வேலையைச் செய்துவிட்டாய் அல்லவா? நீ வா, உனக்கு இருக்கிறது.

சற்று முன்னால் வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. மூக்காயி எனக்கு வெந்நீர் கொண்டுவந்தவள், "அறந்தாங்கியில இருந்து தந்தியாம்" என்று சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் வெளியே ஆத்தா ஓவென்று அலறினாள். யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள். அப்புறம் எல்லாம் அடங்கிவிட்டது. கொல்லைப்பக்கம் மட்டும் கசமுசவென்று பேச்சு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நீ விளையாட்டுக்குக் கொடுத்ததை நிஜமென்று நம்பிவிட்டார்கள். பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். போஸ்ட்மாஸ்டர் மகள் கல்யாணத்துக்குக் குளத்தூர் போயிருக்கிறாராம், படிக்க ஆளும் இல்லை.

ஆத்தா உள்ளே வந்தாள். கண் ரெண்டும் சிவந்திருந்தது. என்ன ஆத்தா என்றால் அடுப்புப் புகை என்கிறாள். "நீ ஒண்ணும் கேக்காத. பச்ச உடம்பு. படு" என்று சொல்லிவிட்டு உன் கரியை இன்னொரு சட்டி நிறையப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சாத்தியிருந்த சன்னலை இன்னும் இறுக்கிக் கொக்கி போட்டாள். அழுகைச் சத்தம் எனக்குக் கேட்கக்கூடாதாம். நீ கரி அனுப்பிய சாக்கையே மடித்துக் கதவுக்கு அடியில் வைத்து, அந்தப் பக்கம் இழுத்துச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். கண்ணாத்தாள் அக்காவுக்குச் செய்ததை அப்படியே எனக்கும் செய்கிறார்கள்.

ஆத்தா, அது அண்ணன் விளையாட்டுக்குச் செய்தது, அவன் வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை குழறுகிறது. அவள் அதற்குள் போய்விட்டாள். எழுந்து போய்ச் சொல்லலாம் என்று பார்த்தால் கால் நிற்கமாட்டேன் என்கிறது, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பப் படுத்துவிட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். என் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்தும் கோணிக்கொண்டு போகிறது, நீயும் சிரிக்காதே.

அய்யா அழுகிறார். நிஜமாகத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுகிறார். "அடைக்கலம், அய்யா கூப்புடுறேன்டா, வந்துருடா" என்கிறார். நீ கேட்டது இதைத்தானே? கூப்பிட்டுவிட்டார். இனி உனக்குச் சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அவருக்காவது சீக்கிரம் சொல்ல வேண்டும், பாவமாக இருக்கிறது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிவிட்டு எழுந்து சொல்லிக்கொள்கிறேன். பிள்ளை என் கைமேல் படுத்து அசையாமல் தூங்குகிறது. நெற்றியெல்லாம் சிவந்து அவ்வளவு அழகாக இருக்கிறது.

நீ வந்து கதவைத் தட்டும்போது நான் தூங்கிப்போயிருந்தால் எழுப்பு அண்ணே.